முனவ்வரா கடித்து வைத்த ரொட்டி

கோகந்தில் எங்கள் வீட்டு விருந்தறையில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்கு மூத்தவனான நான், அப்துரவூப். என் தம்பி தோல்கின், ரயில் எஞ்சின் ஓட்டுபவன். அவன் மனைவி சல்தனத். பெண் கேட்டு வந்த எர்காஷ் ஹாஜி, உலர்பழ வியாபாரி. அவருடைய தங்கை ராபியா. வேறு யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டார் நின்றதாகச் சொல்கிறார்கள். நின்றிருந்தால் அது அவர்கள் வளர்ந்த விதம். ஐந்து பேரின் பெயரையும் நான் எழுதக் காரணம், அறையில் இல்லாத நாற்பது பேர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிவதுதான்.

அவர்கள் கேட்டு வந்த பெண் தோல்கினின் மகள் முனவ்வரா. அவள் அப்போது சென்னையில் இருந்தாள். உதவித்தொகை கிடைத்து, நாடு விட்டு நாடு பரதநாட்டியம் படிக்கப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

இந்தியப் படம் பார்க்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அதனால் அவள் சினிமா ஆட்டம் படிக்கப் போகிறாள் என்றுதான் தெருவே நினைத்தது. போன பிறகு முதல் ஆறு மாதம், முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் காலைத் தட்டுவது மட்டும்தான் பாடம் என்று அவள் சொன்னாள். பாதி உட்காருவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா, முழுதாக உட்காரவே நம் வீட்டில் இடம் இருக்கிறதே என்று தோல்கின் கேட்டான். அவன் கேட்டது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

ஆனாலும் அவளை அனுப்பியவன் நான். கிளம்பிய காலையில் கையேந்தி துஆ செய்து முகத்தில் தடவினேன். தந்தூர் என்கிற எங்கள் களிமண் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியில் அவள் ஒரு வாய் கடித்தாள். மிச்சத்தைத் துணிப்பையில் போட்டு, விருந்தறை வாசல் நிலைக்கு மேலே நானே ஆணி அடித்து மாட்டினேன். தூரம் போகிறவர் கடித்து வைத்த ரொட்டியை, அவர் திரும்பி வந்துதான் தின்று முடிக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. என் அப்பா போருக்குப் போனபோது மாட்டிய ரொட்டி நான்கு வருடம் தொங்கியது. அவர் வந்து தின்றார்.

பிறகு ஒரு வீடியோ வந்தது. சென்னையில் ஏதோ விழாவில் முனவ்வரா ஆடியதை யாரோ எடுத்து அனுப்ப, அது எங்கள் தேநீர்க்கடை வரைக்கும் வந்துவிட்டது. நான் உள்ளே போனபோது முடிதிருத்தும் மாமஷரீப் அதைப் பத்துப் பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அப்துரவூப் அண்ணன் வீட்டுப் பொண்ணு களிமண்ணு மிதிக்குது பாருங்க. புது தந்தூர் கட்டப் போறாங்க போல."

இருபத்தொன்பது வருடம் இந்த ஊரின் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடியவன் நான். யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நான் சொன்னதுதான் முடிவு. என் வீட்டைப் பற்றி அந்தக் கடையில் ஒருவரும் வாய் திறந்தது கிடையாது. தேநீர் குடிக்காமல் திரும்பினேன். ஐந்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எர்காஷ் ஹாஜி பெண் கேட்டு வந்தார். அவர் மகன் பல் வைத்தியர். நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் தடவை தேநீர் கொடுத்து அனுப்பினோம். இரண்டாம் தடவை யோசிக்கிறோம் என்றோம். மூன்றாம் தடவை வந்தால் பதில் சொல்லியாக வேண்டும். அவர்களுடைய ஒரே நிபந்தனை, பெண் உடனே படிப்பை விட்டுவிட்டு வர வேண்டும், வசந்தத்துக்குள் நிக்காஹ். ஆசைப்பட்டால் நாத்தனார்களுக்கு முன்னால் வீட்டுக்குள் ஆடிக்கொள்ளலாம் என்று ராபியா பெருந்தன்மையாகச் சொன்னாள்.

நான் சரி சொல்வதென்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை வரச்சொல்லி ஹாஜிக்கு ஆள் அனுப்பினேன். "நீங்க சொன்னா சரி அண்ணே" என்று தோல்கின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சல்தனத் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தேவைக்கு மேலேயே பிசைந்தாள்.

அன்று மாலை சென்னையிலிருந்து முனவ்வரா கூப்பிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெண், அழவில்லை.

"பெரியப்பா, நான் கடிச்ச ரொட்டி இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எலி கிலி வரலயே?"

"நம்ம வீட்டுல எலி கிடையாது."

"அப்போ சரி. இன்னும் ரெண்டு வருஷம் அது தொங்கணும் பெரியப்பா. நீங்க துஆ செஞ்சு அனுப்பினது முழுப் படிப்புக்கு. பாதிப் படிப்புக்கு இல்ல."

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் பேசுவார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை சல்தனத் தன் கைபேசியை என் முன்னால் பிடித்து, கடையில் காட்டியது நடுவிலிருந்துதான், முழுதும் பாருங்கள் என்றாள். பார்த்தேன். ஆடத் தொடங்கும் முன் முனவ்வரா குனிந்து இரண்டு கையாலும் தரையைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இது எதற்கு என்று கேட்டேன்.

"மிதிக்கப் போறதுக்கு முன்னாடி தரைகிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம் அண்ணா. அதைத்தான் முதல் பாடமா சொல்லிக் கொடுத்தாங்களாம்."

ரொட்டி கீழே விழுந்தால் நாங்கள் எடுத்து முத்தமிட்டு இப்படித்தான் கண்ணில் ஒற்றுவோம். சின்ன வயதில் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது சல்தனத். அதே கை. ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மரியாதையைப் பற்றித் தெரியும். ஆனால் ஹாஜிக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. மூன்றாம் முறை வருகிறவரை வாசலில் வைத்து இல்லை என்று சொல்லும் குடும்பம் அல்ல நாங்கள்.

வந்தார்கள். பேச வேண்டியதைப் பேசினோம். சம்மதம் என்றால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உடைக்க வேண்டும். உடைந்தால் நிச்சயம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. ரொட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். சல்தனத் புது விரிப்பில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். துணியோடு சேர்த்துப் பிடித்தோம்.

உடையவில்லை.

எர்காஷ் ஹாஜி இளமையில் மல்யுத்தம் செய்தவர். முழங்காலை ஊன்றி அழுத்தினார். நான் என் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு துணுக்குகூட விழவில்லை. அவர் நெற்றி வேர்த்தது.

"என்ன அண்ணே, உங்க தந்தூர்ல செங்கல் சுடறீங்களா?"

நான் கையை எடுத்தேன். துணி விலகியது. என் கட்டைவிரல் இருந்த இடத்தில், ரொட்டியின் ஓரத்தில், பிறை மாதிரி ஒரு கடி. ராபியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யாரோட ரொட்டி?" என்றார் ஹாஜி.

"முனவ்வராவோடது" என்றாள் சல்தனத். வேறு விளக்கம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பயணம் போனவளின் ரொட்டியை உடைத்தால் அவள் திரும்பும் வழியை உடைத்த மாதிரி. அது ஹாஜிக்கும் தெரியும். சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். அடுப்படியில் வேறு ரொட்டி இருக்குமே, அதைக் கொண்டுவரலாமே என்றாள் ராபியா. அடுப்படியில் பதினாறு ரொட்டி இருந்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

"ஒரு காரியத்துக்குக் கையில எடுத்த ரொட்டி உடையலேன்னா, அதே காரியத்துக்கு இன்னொரு ரொட்டி எடுக்கறதில்ல."

"அப்படி ஒரு வழக்கம் உண்டா அண்ணே?" என்று ஹாஜி கேட்டார்.

"இன்னையிலேருந்து உண்டு."

அந்த ரொட்டியை முனவ்வரா வந்து தின்கிற வரைக்கும் அவள் பயணி, பயணிக்கு நிச்சயம் செய்வதில்லை என்றும் சொன்னேன். தோல்கின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். இரண்டு வருடம் காத்திருந்தால் எங்கள் பையனுக்கே பல் விழுந்துவிடும் என்று ராபியா சொன்னாள். காத்திருக்கச் சொல்லவில்லை என்றேன். ஹாஜி பெரிய மனிதர். தேநீரைக் குடித்து முடித்து, கையேந்தி, எங்கள் பெண் பத்திரமாகத் திரும்பி வர துஆ செய்துவிட்டுத்தான் எழுந்தார். அவர் மகன் வசந்தத்தில் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். போய்ப் பலாவ் தின்றேன். கொஞ்சம் எண்ணெய் கூடுதல்.

முனவ்வரா படிப்பை முழுதாக முடித்துக்கொண்டு வந்தாள். அந்த ரொட்டி ஊற மூன்று கிண்ணம் தேநீர் ஆனது. எங்கள் ஐந்து பேரில் மூவர் பார்க்க, ஒரு துணுக்கு விடாமல் தின்றாள். அடுத்த மாதம் ஊர்க் கலையரங்கில் ஒன்றேகால் மணி நேரம் ஆடினாள். முதலில் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, கூட்டத்தில் இருந்த கிழவர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாமஷரீப் இரண்டாவது வரிசையில் இருந்தான். வாய் திறக்கவில்லை. மறுநாள் தேநீர்க்கடைக்குப் போனேன். எழுந்து இடம் கொடுத்தார்கள்.

இப்போது அதே கடையில் ஒரு பேச்சு உலவுகிறது. ஹாஜியின் சம்பந்தத்தைத் தட்டிக் கழிக்க, அன்று ரொட்டியை மாற்றி வைத்தது நான்தானாம்.

நான் மாற்றவில்லை. சல்தனத் விரிப்பைக் கொண்டுவந்து வைத்தபோது, நிலைக்கு மேலே ஆணி வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.