கூட்டருகே நட்ட குச்சி

ஹார்கில் எஸ்டேட்டின் பெரிய வீட்டில் சமையல் பார்க்கும் ஹெஸ்டருக்கு மூன்று நாளாகக் கை ஓடவில்லை. கஞ்சிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். ரொட்டியைக் கருக விட்டாள். ஏனென்று யாருக்கும் தெரியாது. கதவுக்குப் பின்னால் தொங்கிய அவளுடைய பச்சைக் கோட்டின் பைக்குள், கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது காரணம்.

அந்த வீட்டில் சேற்றுக் காலணி கழற்றும் அறையில் ஒரு தடித்த நோட்டு எப்போதும் விரித்தே கிடக்கும். எஸ்டேட்டில் யார் எதைப் பார்த்தாலும் அதில் எழுதிவைப்பது வழக்கம். முதல் குயில் கூவியது, ஓடையில் நீர்நாய் குட்டியோடு போனது, எல்லாம் அதில் இருக்கும். எப்போதும் முந்திக்கொள்வது காட்டுக் காவலர் ஏமஸ்தான். இந்த ஜூன் தொடக்கத்தில் ஹெஸ்டர் முந்திவிட்டாள். கீழ்ப்புல்வெளியில், வளைந்த நீள அலகுக்காரியான கர்லூ பறவையின் கூட்டைக் கண்டாள். நாலு முட்டை. அந்தப் பறவை அங்கே கடைசியாகக் கூடு வைத்து ஒன்பது வருஷமாயிற்று.

கூட்டுக்கு அடையாளம் வைப்பதென்றால் குச்சியை இருபது தப்படி தள்ளித்தான் நட வேண்டும். பக்கத்தில் நட்டால் காகத்துக்கு விலாசம் எழுதிக் கொடுத்ததுபோல என்று ஏமஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஹெஸ்டருக்கும் தெரியும். ஆனால் மறுநாள் எல்லோரையும் கூட்டிவந்து காட்டும்போது தேடித் தடுமாறக் கூடாதே என்று, கையெட்டும் தூரத்திலேயே ஒரு குச்சியைக் குத்திவிட்டாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால் கூடு காலி. கிடந்தது ஒரே ஒரு முட்டை ஓடு, அதில் அலகு குத்திய துளை. கல்சுவரில் காகம் உட்கார்ந்திருந்தது. ஹெஸ்டர் குச்சியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தாள், முட்டை ஓட்டைக் கோட்டுப் பைக்குள் மறைத்தாள், முட்டையைக் காணோம் என்று மட்டும் வீட்டில் வந்து சொன்னாள்.

பழி மெக்கின் மேல் விழுந்தது. ஆட்டுக்காரன் ஜாஸின் கிழட்டு நாய் அது. புல்வெளி வாசல் சேற்றில் அதன் கால்தடம் இருந்ததாம். தினமும் ஆட்டோடு போகிற நாய்க்குத் தடம் இல்லாமல் இருக்குமா? ஆனாலும் சனிக்கிழமைக்குள் நாய் எஸ்டேட்டை விட்டுப் போக வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஜாஸ் சமையலறைப் பின்வாசலுக்கு வந்தான், கயிற்றில் மெக்கோடு.

"அம்மணி, எலும்பு ஏதும் கெடக்கா? போற வழில கடிச்சிக்கிட்டு வரட்டும்."

"எங்க கொண்டுபோய் விடப் போற?"

"டவுன்ல எங்கக்கா வீட்டுல. மூணாவது மாடி. இவ படியே ஏறுனதில்ல." அவன் நாயின் காதைத் தடவினான். "கோழிமுட்டைய முன்னாடி உருட்டிவிட்டாக்கூட மோந்துட்டுப் போயிருவா. ஆனா நாய்க்கு யாரு சாட்சி சொல்லுவா?"

ஹெஸ்டர் எடுத்துப் போட்ட எலும்பை விட்டுவிட்டு மெக் முதலில் ஹெஸ்டரின் கையைத்தான் நக்கியது. அவளால் தாங்க முடியவில்லை. கோட்டை எடுத்தாள், கைக்குட்டையைப் பிரித்து மேஜையில் வைத்தாள்.

ஜாஸ் துளையைப் பார்த்தான். அவனுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"காக்கா."

"ஆமா. வழி காட்டுனது என் குச்சி. பக்கத்துலயே நட்டுட்டேன்."

"மூணு நாளா பையில வச்சிருந்தீங்களா, அம்மணி?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"நான் போய்ச் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றான்.

ஹெஸ்டர் ஓட்டை எடுத்துக்கொண்டு நோட்டு இருந்த அறைக்குப் போனாள். 'கர்லூ கூடு, நாலு முட்டை. முதலில் கண்டது ஹெஸ்டர்' என்று அவள் பெரிதாக எழுதிய வரிக்குக் கீழே, குச்சி, காகம், மறைத்த ஓடு, மூன்றையும் எழுதினாள். காலணி கழற்றிக்கொண்டிருந்த ஏமஸ் எட்டிப் படித்தார். ஓட்டை வாங்கிக்கொண்டு, கழற்றிய காலணியை மறுபடி மாட்டி, மேலாளரைப் பார்க்கப் போனார்.

மதியத்துக்கு முன்பே மெக்கின் கயிறு அவிழ்ந்தது. முற்றத்தைக் குறுக்கே கடந்து நாய் நேரே ஹெஸ்டரிடம்தான் ஓடிவந்தது. ஜாஸ் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கீழ்ப்புல்வெளிக்கு மேலே கர்லூ இன்னமும் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. ஹெஸ்டர் ஜன்னலைச் சாத்தப் போனவள், சாத்தாமலே நின்றாள்.