இருபதாவது நிமிடத்தில் ஒரு குரல்

புல்வெட்டும் டிராக்டர் ஓடத் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் "அக்கா" என்று கூப்பிட்டது. நிறுத்தி, மூடியைக் கழற்றி, பெல்ட் ஓடும் சக்கரங்களை, ஒவ்வொரு புல்லியாக, கையால் சுற்றிப் பார்த்தால் வாயே திறக்காது.

குடிநீர்த் தொட்டிகளைச் சுற்றியிருந்த புல்வெளிக்குத் தோட்டக்காரியான ஒருத்தி அதை ஓட்டினாள். முன்பு அந்த வண்டியை ஓட்டியவன் அவள் கணவன். அவன் காய்ச்சலில் போய் ஏழு மாதமாகிறது. அவனுடைய அக்கா, இவளுக்கு அண்ணி, தொட்டிகளுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டில் இவளோடுதான் இருந்தாள்.

குரல் "அக்" என்று உப்பி எழும், "கா" என்று இழுத்துத் தணியும். இரும்பிலிருந்து வருவது தோட்டக்காரிக்குத் தெரியும். அண்ணியோ செருப்புகூடப் போடாமல், "இதோ வரேன்டா" என்று புல்வெளியில் இறங்கி நேராக வண்டியை நோக்கி நடந்து வருவாள். வண்டியின் வயிற்றுக்கடியில் சுழலும் பிளேடுகள் அவள் நினைப்பிலேயே இருக்காது. இரண்டு முறை கைக்கெட்டும் தூரத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை பிரேக் பிடிக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

இதைவிட விளங்காதது வேறொன்று. குரல் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே அண்ணி எழுந்துவிடுவாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள், கத்தியைக் கீழே வைத்து, தலையைச் சாய்த்து, புறப்படுவாள். அதற்குப் பிறகுதான் வண்டி கூப்பிடும்.

ஒருநாள் தோட்டக்காரி அண்ணியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கதவைத் தட்டித் தட்டி அண்ணியின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. "வெயில்ல நிக்கிறான்மா" என்றாள், அவ்வளவுதான். அன்றோடு பூட்டுவதை விட்டாள்.

பேரிங் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று உதிரிபாகக் கிடங்குக்காரரிடம் போய் நின்றாள். எந்த பேரிங் என்று கேட்டார். தெரியவில்லை, இருபதாவது நிமிடத்தில் அக்கா என்று கூப்பிடுகிறது என்றாள்.

"தேய்மானம்னா நான் தருவேன். பேய்னா வேற ஆளைப் பாருங்கம்மா" என்று சிரித்தார் அவர்.

வண்டியின் அமைப்பு எளிதுதான். எஞ்சின் ஒரு பெல்ட்டை இழுக்கிறது. பெல்ட் இரண்டு பெரிய புல்லிகளைச் சுற்றுகிறது. அவற்றின் அடியில்தான் பிளேடுகள். நடுவில் இரண்டு சிறிய புல்லிகள், பெல்ட் தளராமல் அழுத்திப் பிடிப்பதற்காக மட்டும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பேரிங்: உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், இடையில் உருளும் குண்டுகள். சிறியவற்றில் ஒன்றின் பேரிங்கை, கணவன் போன பிறகு, அவளே மாற்றியிருந்தாள். தனியாகச் செய்த முதல் வேலை அது. அதனால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை, புதுசாயிற்றே.

கடைசியில் ஒரு வழி கண்டாள். வண்டியைக் கொட்டகை வாசலில் நிறுத்தி, பிளேடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, புல்லிகளை மட்டும் ஓடவிட்டாள். பெல்ட்டில் படாமல் ஒரு மரக்கம்பின் நுனியைப் புல்லியின் நடு போல்ட்டில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தால், உள்ளே நடப்பது மரத்தின் வழியே ஏறி வரும். வந்தது. ஆனால் அவள் காதுக்கு நான்கும் ஒரே இரைச்சல்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் அண்ணி வாசலில் வந்து நின்றாள்.

ஒரு நிமிடம் முன்னதாகவே கேட்கும் காது. தோட்டக்காரி அவள் இடுப்பை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மறுகையால் கம்பை வைத்து, முனையை அவள் காதருகே நீட்டினாள்.

முதல் பெரிய புல்லி. "இங்க யாரும் இல்ல." அடுத்தது. "இங்கயும் இல்ல." பழைய சிறிய புல்லியில் அண்ணியின் முகம் மலர்ந்தது. "இங்கதான் இருக்கான்."

கடைசியாகப் புதியது. வெகுநேரம் கேட்டாள். மலர்ச்சி வடிந்தது.

"இதுல இன்னொருத்தன் இருக்கான்மா. அவன மாதிரியே கூப்பிடறான். அவன் இல்ல."

தோட்டக்காரி கம்பைக் கீழே வைத்தாள். எஞ்சினை அணைத்து, சூடு ஆறுவதற்குள், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்தாள். பழைய புல்லியைப் பிடித்து ஆட்டினாள். நகக்கண் அளவு ஆடியது. இருபது நிமிடம் ஓடிச் சூடேறினால்தான் உள்ளே கிரீஸ் இளகும்; முன்பெல்லாம் ஆறிய பிறகு பார்த்ததில் அது கெட்டியாகி இந்த ஆட்டத்தை மறைத்திருக்கிறது. புதியது ஆடவில்லை. ஆனால் மெல்லச் சுற்றியபோது விரலில் கடுகு நெரிவதுபோல் தட்டியது.

எப்படி என்று அப்போது புரிந்தது. அன்று அதைப் புல்லிக்குள் இறக்க உள்வளையத்தில் சுத்தியலால் அடித்திருந்தாள். புல்லியைப் பிடித்திருப்பது வெளிவளையம். உள்ளே அடித்த அடி குண்டுகளின் வழியாகத்தான் அங்கே போகும். போகிற வழியில் குண்டுக்கொரு பள்ளம் பதித்திருக்கிறது. பேரிங் முதல் நாளே கெட்டுவிட்டது. ஒன்று தேய்ந்து முனக, மற்றது பள்ளத்தில் முனக, சுருதி மயிரிழையில் வேறு. இரண்டும் சேரும்போது ஒலி உப்பும், பிரியும்போது தணியும்.

"ரெண்டையும் எடுத்துடப் போறேன் அண்ணி. உங்க தம்பி இதுக்குள்ள இல்ல."

"தம்பின்னு நான் எப்பம்மா சொன்னேன்? அவன் என்னைப் பெருசுன்னுதானே கூப்பிடுவான். அக்கான்னு ஒருநாளும் கூப்பிட்டதில்லையே."

அது உண்மை. அவளுக்கும் தெரிந்ததுதான். இத்தனை நாள் எப்படி மறந்தது?

"அப்புறம் ஏன் அண்ணி போனீங்க?"

"யாரோ கூப்பிடறாங்க. போகாம இருக்க முடியுமா?"

கிடங்குக்காரரிடம் இந்த முறை இரண்டு என்று தெளிவாகச் சொல்லி வாங்கினாள். வெளிவளையத்தின் அகலத்துக்கே சரியாக இருந்த ஒரு ஸ்பேனர் சாக்கெட் குழலை அதன்மேல் வைத்து, வைஸ் என்ற திருகுப் பிடியில் பிடித்து, சுத்தியல் தொடாமல் மெல்ல மெல்ல இறுக்கி இறக்கினாள். பிளேடுகளை மாட்டி வெட்டத் தொடங்கினாள். இருபது நிமிடம் ஆயிற்று, நாற்பது ஆயிற்று. அண்ணி படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள், எழவில்லை.

இனி அவளுக்குத் தெரியும்: இரண்டு பேரிங்குகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். இறக்கும்போது உள்வளையத்தில் அடிக்கக் கூடாது. வெளிவளையத்தைத்தான் அழுத்த வேண்டும்.