கிரெட்சன் தெருவுக்கு வந்த எல்லைக்கோடு

இரு பள்ளிப் பெற்றோரும் கூடிய கூட்டம். எங்கள் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில், குழந்தைகளின் குட்டை பெஞ்சுகளில் நாங்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைக்கோட்டைக் கல்வி வாரியம் மாற்றியதில், கிரெட்சனின் தெரு ஆற்றுக்கு அக்கரைப் பள்ளிக்குப் போய்விட்டது. அங்கே வயலின் வாத்தியார் கிடையாது. அவள் மகள் இங்கிரிட்டோ வயலினைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவள்.

கிரெட்சன் எழுந்தாள். “நம்ம பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்துல அங்கயும் ஒரு வாத்தியார் போடலாமே?”

“போன வருஷம் அக்கரைப் பள்ளிக்காரங்க பங்கு கேட்டப்ப, அந்தந்தப் பள்ளிப் பணம் அந்தந்தப் பள்ளிக்குத்தான்னு நீதானேம்மா மல்லுக்கு நின்னே?” என்றார் எங்கள் சங்கத் தலைவர் வார்டு.

ஒரு கையும் உயரவில்லை. பாவம், கேக் விற்றும் நன்கொடைக்காக ஓட்டப்பந்தயம் நடத்தியும் அந்தப் பணத்தைச் சேர்த்தவளே அவள்தான்.

அக்கரைச் சங்கத்து யொலாண்டா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். “வாடி இங்க. உன்மேல எனக்குக் கொள்ளைக் கோபம்தான். ஆனா எங்க சங்கத்துல நாலே பேரு, ஒருத்திக்கும் கேக் சுடத் தெரியாது.”

“வயலினுக்கு?”

“அதுக்குத்தானே கூப்பிடறேன். ஊர்ப் பணத்தைக் கறக்கறதுல உன்னை மிஞ்ச ஆள் உண்டா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள் கிரெட்சன். கூட்டம் கலையுமுன் இருவரும் அக்கரைப் பள்ளியின் முதல் ஓட்டப்பந்தயத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.