நகராத சிவப்பு வண்டி

எங்கள் ஊரில் இப்போதெல்லாம் தீ பிடிப்பது குறைவு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களும் மூச்சுத் திணறுகிறவர்களும் குளியலறையில் வழுக்கி விழுகிறவர்களும்தான் அதிகம். அதனால் ஸ்டோவர் தீயணைப்பு நிலையத்தில் நான் தண்ணீர்க் குழாயைத் தொட்டதைவிட மனிதர்களின் கையில் நரம்பைத் தேடியதுதான் அதிகம். நான் ரெனி அவிலா, தீயணைப்பு வண்டியில் போகும் பாராமெடிக். ஊசி போடலாம், மூச்சுக்குழாய் வைக்கலாம், நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்து எழுப்பலாம். ஒன்றே ஒன்றுதான் எனக்குக் கூடாது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த உரிமையை மாவட்ட நிர்வாகம் தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. நாங்கள் முதலில் ஓடிப்போய் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வோம், அவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கும் ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. சிவப்பு நிறம், புது பெயின்ட் வாசனை. வெள்ளோட்டம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கூடவே ஒரு விதியும் வைத்தார்கள். தனியார் வண்டிக்காரர்கள் தாங்களாகவே ரேடியோவில் "எங்களால் வர முடியாது, கேஸை விடுகிறோம்" என்று சொன்னால்தான் எங்கள் வண்டி நோயாளியோடு நகரலாம். யார் சொல்வார்கள்? சொல்லும் ஒவ்வொரு தடவையும் மாவட்ட அலுவலகத்தில் குறித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான், தீயணைப்புத் துறைக்கு இன்னும் வண்டிகள் கொடுக்கலாமா, கம்பெனியே போதுமா என்று ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்ய இருந்தார்கள். ஒரு கேஸைக்கூட விடாதே, விட்டால் உன் வேலைக்கு நீயே குழி தோண்டுகிறாய் என்று கம்பெனி தன் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தது. விதியை மயிரிழைகூட மீறாதீர்கள், செவ்வாய் வரை கை சுத்தமாக இருக்கட்டும் என்று எங்கள் தலைமை அதிகாரி எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஊரில் யாருக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போக வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, பள்ளத்தாக்கு முழுவதும் பனி இறங்கியிருந்தது. எங்கள் ஜனவரிப் பனி அப்படித்தான், நீட்டிய கை தெரியாது. அந்தப் பனியிலும் பாதாம் தோப்பில் கிளை கழிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. மரத்துக்கு விடுமுறை கிடையாது, ஆளுக்கும் கிடையாது. யூசெபியோ என்கிற மேஸ்திரி ஏணியிலிருந்து வழுக்கி, கீழே நின்ற டிராக்டரின் இழுவைக் கொக்கி மேல் வயிறு அடிபட விழுந்துவிட்டார். நாங்கள் போனபோது ஈர மண்ணில் படுத்தபடி தன் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஏன்டா நின்னு வேடிக்கை பாக்குறீங்க? வேலையப் பாருங்க. விழுந்தது நான், மரம் இல்ல."

சட்டையைத் தூக்கினேன். வெளியே ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. நாடி துரத்தப்பட்டவனின் நாடி மாதிரி ஓடியது. உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதற்கு என் பையில் மருந்து இல்லை. நான் கையில் ஏற்றுகிற உப்புத் தண்ணீர் ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற தண்ணீர். கத்தி பிடிக்கிற டாக்டர் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயில் பாதையைத் தாண்ட வேண்டாம், தோப்பிலிருந்து நேர் ரோடு.

ஹெலிகாப்டர் கேட்டோம். பனியில் காக்காய்கூடப் பறக்கவில்லை என்று பதில் வந்தது. என் கேப்டன் மேட்டோஸ், நல்ல மனிதர், உடனே எங்கள் சிவப்பு வண்டியையும் வரச் சொல்லிவிட்டார். அது வந்து நின்றது. தனியார் வண்டி வரவில்லை. அது நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில்தான் எப்போதும் நிற்கும். அங்கிருந்து தோப்புக்கு வர ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டில் சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது.

கேப்டன் ரேடியோவில் கேட்டார். "கேஸை விடுறீங்களா?"

"இல்ல, இதோ வந்துட்டோம். ரயில் கிளம்புது" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ட்ராவிஸ். தீயணைப்பில் வேலை கிடைக்கும்வரை நானும் அதே கம்பெனியில்தான் இருந்தேன். அவனும் நானும் ஒரே வண்டியில் ஆறு வருஷம் ஓடியிருக்கிறோம். ஒரே பர்கரைப் பாதியாகப் பிய்த்துத் தின்றிருக்கிறோம். அவனும் தீயணைப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தான், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நான் அவனுக்கு மகாராணி.

பனியில் கிடக்க வேண்டாமென்று யூசெபியோவைத் தூக்கிச் சிவப்பு வண்டிக்குள் படுக்க வைத்தோம். படுக்க வைக்கலாம், அதற்கு விதி இடம் கொடுக்கிறது. சக்கரம் உருளத்தான் கூடாது. உப்புத் தண்ணீர்ப் பையை ஒரு கையால் பிழிந்துகொண்டே இன்னொரு கையால் ட்ராவிஸின் செல்போனுக்குப் போட்டேன்.

"எங்கடா இருக்க?"

"கேட்ல. என்ன, மகாராணி நேர்ல கூப்பிடுறீங்க?"

"விளையாடாத. வயித்துக்குள்ள ரத்தம் போகுது. ஆளு வெளுத்துட்டாரு. கேஸை விடு."

"சத்தம் கேட்டுச்சு ரெனி. கொக்கி இழுத்துடுச்சு. இப்பக் கிளம்பிடும்" என்றான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. நின்ற சரக்கு ரயில் நகரும் முன் பெட்டிகளின் கொக்கிகள் ஒவ்வொன்றாக இழுபட்டு, தடதடவென்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். கேட்டதும் காரை கியரில் போடுவோம். சின்ன வயதிலிருந்து பழக்கம். கண் என்ன சொல்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

"ரயில் வாலைப் பாத்தியா?"

"இந்தப் பனியில வாலை எங்கிருந்து பாக்குறது? காதால கேட்டேன். நீயும் நானும் எத்தனை வாட்டி கேட்டிருக்கோம்?"

"திரும்பி மேம்பாலம் வழியா வந்துடு."

"பின்னாடி லாரியா நிக்குது. திரும்ப முடியாது."

"அப்ப விடு. இங்க வண்டி நிக்குது, ஆள உள்ள ஏத்திட்டேன். ஒரு வார்த்தை சொல்லுடா, புண்ணியமாப் போகும்."

"இன்னிக்கு விட்டா செவ்வாய்க்கிழமை என் கேஸைத்தான் திரையில போட்டுக் காட்டுவாங்க. உங்காளுங்க வண்டி வாங்கிட்டு எங்கள வீட்டுக்கு அனுப்புவாங்க. உனக்கென்ன, நீ கரை ஏறிட்ட. இரு, நகருது. சொன்னேன்ல, நகருது பாரு." அப்புறம் அவன் குரல் தணிந்தது. "அய்யோ. பின்னால போகுது."

"ட்ராவிஸ்!"

"பின்னால போனாலும் வழி விடும்ல? எப்படிப் போனா என்ன? ரெண்டு நிமிஷம், ரெனி. ரெண்டே நிமிஷம்."

போனைத் தூக்கி எறிந்தேன். யூசெபியோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுப் போர்த்துகீசும் அவருடைய ஸ்பானிஷும் கலந்துதான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் என்னை மகளே என்றுதான் கூப்பிட்டார்.

"வண்டி ஏன் நகரல மகளே?"

"பனி அதிகமா இருக்கு ஐயா."

"பனியா? இருபத்தஞ்சு வருஷமா இந்தப் பனியில ஓட்டுறேன். டிரைவருக்குப் பயமா இருந்தா சொல்லு, நான் ஓட்டறேன். நீ பின்னால படுத்துக்க."

சிரித்தார். சிரித்ததில் வலி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. "மரிசெலாகிட்ட சொல்லிடாத" என்றார். "ஏணியப் பிடிச்சுக்க ஆள் வைனு காலையிலதான் சொன்னா. இப்பத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா."

கதவைத் திறந்து கேப்டனிடம் கத்தினேன். "எடுங்க வண்டிய!"

மேட்டோஸ் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அவன் விடலயே, அவிலா. பக்கத்து ஊர்ல போன மாசம் இப்படி எடுத்துட்டுப் போனவங்க லைசென்ஸ் போச்சு. அதோட இந்த வண்டியும் போகும். நாலு நாள்ல கூட்டம். இந்த ஒரு கேஸால நாளைக்கு வரப்போற ஆயிரம் கேஸையும் இழந்துடுவோம்."

"அந்த ஆயிரம் பேர் இன்னும் கீழ விழல கேப்டன். இவரு விழுந்துட்டாரு."

"ரயில் நகருதுனு சொல்றான்ல? ரெண்டு நிமிஷம் பாப்போம்."

இவருக்கும் அதே ரெண்டு நிமிஷம். ரயிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவன், இரண்டு பேரும் காத்திருந்தது ஒரே செவ்வாய்க்கிழமைக்காக. நடுவில் ஒரு மனிதர் சொட்டு சொட்டாகத் தீர்ந்துகொண்டிருந்தார். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் யாரையாவது அடித்திருப்பேன். கை இரண்டும் யூசெபியோவிடம் மாட்டிக்கொண்டிருந்தன.

திரும்பினேன். அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார். மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. கழுத்தில் தேடினேன், நூல் மாதிரி இருந்தது. நான் போட்ட கூச்சலில் தோப்பில் ரம்பச் சத்தம் நின்றது. மேட்டோஸ் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி ரேடியோவை மண்ணில் வீசிவிட்டு, டிரைவரைத் தள்ளிவிட்டுத் தானே ஏறி வண்டியை எடுத்தார். தோப்பு ரோட்டைவிட்டுத் தார் ரோட்டில் ஏறும்போது, வண்டி ரேடியோவில் ட்ராவிஸின் குரல் வந்தது.

"கேஸை விடுறோம்."

ரயில் பின்னால் போய், கேட்டின் மேலேயே மறுபடி நின்றுவிட்டதாம்.

யூசெபியோவின் இதயம் வழியிலேயே நின்றது. ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனேன். அங்கே டாக்டர்கள் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், பிறகு மூடினார்கள். அறுவை மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா தச்சிருப்பேன்" என்றார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ட்ராவிஸ் கம்பெனியின் வெள்ளை வண்டியில் வந்து இறங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வராமல் அங்கேயே நின்றான்.

விசாரித்தார்கள். விடுகிறோம் என்று அவன் சொன்னதும் பதிவாகியிருந்தது, நாங்கள் கிளம்பியதும் பதிவாகியிருந்தது. முன்னே பின்னே சில நொடிகள்தான், அதைப் பெரிதுபடுத்த இரண்டு தரப்புக்கும் மனமில்லை. எல்லார் கையும் சுத்தம்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. எங்கள் தலைமை அதிகாரி திரையில் யூசெபியோவின் படத்தைப் போட்டார். தொப்பி வைத்துக்கொண்டு யாருடைய கல்யாணத்திலோ சிரிக்கிற படம். "நமக்கு உரிமை இருந்திருந்தால் இவர் இன்று உயிரோடு இருப்பார்" என்றார். கம்பெனியின் வக்கீல் எழுந்து, ரயில் நின்றதற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்டார். இரண்டு பேரும் நன்றாகப் பேசினார்கள். இரண்டு பேருக்கும் கை தட்டினார்கள்.

பிறகு யூசெபியோவின் மனைவி மரிசெலா பேச வேண்டும் என்றாள். கறுப்பு ஸ்வெட்டர் போட்ட, குள்ளமான பெண். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். அவள் மேடையைப் பார்க்கவில்லை, முன்வரிசையில் சீருடையோடு இருந்த என்னைப் பார்த்தாள்.

"நீதான அவர் கூட இருந்தவ?"

"ஆமாம்மா."

"சிவப்பு வண்டி வந்துச்சு?"

"வந்துச்சு."

"அவரு வண்டிக்குள்ளதான் இருந்தாரு? டிரைவர் இருந்தாரு? பெட்ரோல் இருந்துச்சு? ரோட்டுல தடங்கல் ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் யாருக்காகக் காத்திருந்தீங்க?"

எங்கள் தலைமை அதிகாரி என் பக்கம் திரும்பி, ரயில் என்று உதட்டை அசைத்தார். கடைசி வரிசையில் ட்ராவிஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். மேட்டோஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தக் கூட்டத்துக்காகம்மா" என்றேன்.

என் போர்த்துகீசு கலந்த ஸ்பானிஷ் அவளுக்கே புரிந்துவிட்டது, மொழிபெயர்ப்பாளருக்கு வேலை இருக்கவில்லை. மரிசெலா அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நாற்காலிகள், தண்ணீர் பாட்டில்கள், மேடையில் வாக்களிக்கப்போகிற ஐந்து பேர், திரையில் சிரிக்கிற தன் புருஷன். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

படத்தை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதன் கீழேயே வாக்கெடுப்பு நடந்தது. நாங்கள் ஜெயித்தோம், இன்னும் நான்கு வண்டிகள் வருகின்றன.