நெட்டை எழுத்து

விசிறி நின்றுபோய் நாளாகியும் நிர்வாகம் அதைத் தொடவில்லை. கீழே காற்றில்லாமல் ஒத்தியா சுருண்டு விழுந்தான். இழுத்து மேலே போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அதன்பிறகு ஷாவ்கோரா சுரங்கத்தில் எவனும் இறங்கவில்லை. வாசலிலேயே தகர டப்பாவில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தோம்.

அன்று காலை எல்லோர் போனும் சேர்ந்தாற்போல் அடித்தது. ஜெமால் தன்னுடையதைத் தூக்கிக் காட்டினான். வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள்.

"என்னடா, சவப்பெட்டியா அனுப்பிருக்கானுங்க?"

"எண்ணிப் பாரு மச்சான், ஆளுக்கு ஒண்ணு இருக்கும்."

"உனக்கு மட்டும் ரெண்டு. அந்தத் தொப்பைக்கு ஒண்ணு பத்தாது."

நான் சிரிக்கவில்லை. என் போனில் கட்டம் இல்லை. இத்தாலியில் முதியவர்களைக் குளிப்பாட்டிப் பிழைக்கிற அக்கா அனுப்பிய புதுப் போன் அது.

எங்கள் எழுத்தில் ஆங்கிலம்போலப் பெரியது சிறியது என்று கிடையாது. தலைப்புக்கு மட்டும் நெட்டையாக எழுதுவோம். அந்த நெட்டை எழுத்துகளுக்குக் கணினியில் தனி எண் கொடுத்தது சமீபத்தில்தான். பழைய போனுக்கு அந்த எண்கள் தெரியாது, கட்டம் போட்டுவிடும். அலுவலகத்தில் எவனோ, அதட்டலாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நெட்டையாக்கி அனுப்பியிருக்கிறான்.

மதியச் சங்குக்குள் இறங்காதவனுக்கு வேலை இல்லை. அதுதான் செய்தி. இந்த வேலை போனால் இந்த மலையில் எனக்கு வேறு வேலை கிடையாது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மேலாளர் ஜாபா வண்டியில் வந்து இறங்கினார்.

"செய்தி வந்துச்சுல்ல? அப்புறம் ஏன் உக்காந்திருக்கீங்க? வேலை வேணாமா?"

ஜெமால் போனை நீட்டினான். "எழுத்துல சொல்லித்தான் வேலைய விட்டு எடுக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. இதுல எழுத்தே இல்லையே ஐயா."

அவர் வேறு இரண்டு போன்களையும் வாங்கிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"சரி, நீங்க எதையும் பாக்கல, நானும் எதையும் அனுப்பல. எந்திரிச்சுக் கீழ போங்க. விசிறிய அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

நல்ல வழிதான். யாருக்கும் வேலை போகாது, மானமும் போகாது. முதலில் தலைக்கவசத்தைத் தேடி எடுத்தவன் ஒத்தியா. இருமிக்கொண்டே எடுத்தான்.

அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

"எனக்கு நல்லாவே வந்துருக்கு" என்றேன். போனை எடுத்து முழுவதும் உரக்கப் படித்தேன்.

"முர்மான், நீ படிச்சுட்ட. இனிமே இது உன் ஒருத்தனுக்குச் செல்லும். யோசிச்சியா?" என்றார் மேலாளர்.

"செல்லட்டும். விசிறி சுத்தினா இறங்குறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா நீங்க இறங்குங்க. காத்து எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க."

எவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒற்றையாய் மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, அத இப்படிக் குடு." ஜெமால் போனை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை படித்தான். பிறகு பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டி, "அலாவெர்தி" என்றான். விருந்தில் ஒருவன் வாழ்த்துச் சொல்லி முடித்ததும், அடுத்து நீ சொல் என்று அழைக்கிற வார்த்தை அது. தொப்பைக்காரன், விருந்தில் மது ஊற்றித் தருகிற கொம்பை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினான். எழுந்து நின்று படித்தான். அலாவெர்தி. அடுத்தவன். ஒருவனுக்குக் கண்ணாடி இல்லை, தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டினான். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒத்தியா இருமலுக்கு நடுவே படித்து முடித்து, தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். பிறகு போனை மேலாளர் பக்கம் நீட்டினான்.

"அலாவெர்தி, ஐயா."

அவர் வாங்கவில்லை. சங்கு ஊதியது. எவனும் எழவில்லை.

ஜெமால் சோள ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

"சங்குல கட்டம் வராது போல. நல்லாத் தெளிவா கேக்குது."