பெரியவளின் மச்சம்

இன்ஜினின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு நாணயத்தின் அளவுக்கு அதன் பெயின்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஈரமான உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு நடுவில் அழுத்தியும் ஓரத்தில் பட்டும் படாமலும் தேய்க்க வேண்டும். சரியாகச் செய்தால், அறுத்த மரத்தில் தெரிவது போல, பூச்சுகள் ஒவ்வொன்றும் தனி வளையமாக எழுந்து வரும். மேலே அருங்காட்சியகம் அடித்த கறுப்பு. அதன் கீழே ஒரு நீலம், அந்த நீலத்தின் கீழே இன்னொரு நீலம், பிறகு பச்சை, அதற்கும் கீழே ஏன் அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு மஞ்சள். இடையிடையே மெல்லிய சாம்பல் நிறங்கள். கடைசியாகச் செங்கல் நிற அடிப்பூச்சு. அத்தனைக்கும் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெற்று இரும்பு. பழம்பொருள்களைப் பேணக் கற்றுத்தரும் என் மாலை வகுப்பில் இதைச் சாளரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அக்கா இதை மச்சம் என்பாள்.

"ஏய் பூதக்கண்ணாடி, உசுரோட இருக்கியா?" என்று என் செருப்பை யாரோ உதைத்தார்கள். யாரோ என்ன, அக்காதான்.

"இருக்கேன். உதைக்காத, கை நழுவும்."

"நழுவினா என்ன, அவளுக்கு வலிக்கவா போகுது? நாளன்னிக்கு பெரியவளுக்கு தண்ணி சோதனை. நீ அடியிலேயே கிடந்தீன்னா உன்னையும் சேர்த்துக் குளிப்பாட்டிடுவேன்."

பெரியவள் என்பது இந்த நீராவி இன்ஜினுக்கு அக்கா வைத்த பெயர். எங்கள் கூடத்தில் நிற்கும் ஐந்து இன்ஜின்களில் இதுதான் மூத்தது. இங்கே வருவதற்கு முன் பல காலம் ஒரு பூங்கா வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. பாய்லரைப் போர்த்தியிருந்த மேல்தகடு அங்கேயே துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால், அதன் பிறகு பாய்லரின் மீதே நேராகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் ஒரு பூச்சு. யாரும் வராவிட்டால் அந்தக் குறை தெரியாமலிருக்க ஒரு பூச்சு. இப்படிக் கீழே இருப்பதைத் தேய்க்காமல் மேலே மேலே பூசிக்கொண்டே போனதில், நான் பூதக்கண்ணாடி வைத்து எண்ணியவரை பதினொன்று. பன்னிரண்டாகவும் இருக்கலாம். இரண்டு நீலங்களுக்கு நடுவே ஒரு கோட்டைப் பார்த்தேனா, என் கண் இமையின் நிழலைப் பார்த்தேனா என்று அப்போது எனக்குத் தெளிவில்லை.

அக்கா முன்பு பாய்லர் செய்யும் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தாள். நல்ல சம்பளம், நல்ல பெயர். 'இவளை மறுபடியும் ஓட வைக்க ஆள் வேண்டும்' என்று அருங்காட்சியகம் கேட்டதும், கையிலிருந்த வேலையை உதறிவிட்டு வந்துவிட்டாள். "ஊர்ல எல்லாரும் பொண்ணை மனுஷங்க வீட்டுக்கு அனுப்புவாங்க. என் பொண்ணு இரும்புக்கு வாக்கப்பட்டுப் போயிட்டா" என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். அடுத்த வருடம் நானும் அதே இடத்தில் பழம்பொருள் பாதுகாப்புப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தபோது அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டாள், இரண்டு வேளை.

நாங்கள் இருவரும் பெரியவளுக்கு வேலை செய்யத்தான் வந்தோம். ஆனால் அக்காவுக்கு அவள் ஓட வேண்டும். எனக்கு அவள் அப்படியே இருக்க வேண்டும். வந்த புதிதிலேயே முட்டிக்கொண்டோம். மொத்தப் பெயின்ட்டையும் மணலடித்து எடுத்துவிட்டு இரும்பைப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. அந்தப் பூச்சுகள்தான் இந்த இன்ஜின் எங்கெங்கே நின்றது, யார் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, பதிவுக்காக ஒரு மச்சம் திறப்பதைத் தவிர நகக்கீறல்கூடப் படக் கூடாது என்றேன் நான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு சில வாரங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. "குளியலறை காலியாயிடுச்சான்னு உன் தங்கச்சி கேக்கறா" என்று அம்மாதான் தூது போனாள். கடைசியில் இறங்கி வந்தது அக்கா. "சரிடி. உன் பெயின்ட்ல என் கை படாது. சத்தியம்" என்றாள். அன்றைக்கே ஒரு மரப்பலகையில் 'பூச்சைச் சுரண்டக் கூடாது' என்று எழுதி பாய்லரின் பக்கவாட்டில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். வாழ்க்கையில் நான் ஜெயித்த சண்டைகள் மிகக் குறைவு. அதனால் அந்தப் பலகையை வாரம் ஒருமுறை துடைத்தும் வைத்தேன்.

பாய்லர் தகட்டில் எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது என்று அளப்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. அதன் முனையில் ஜெல் தடவி இரும்பின் மேல் வைத்தால் உள்ளே ஒரு ஒலியை அனுப்பும். ஒலி தகட்டின் மறுபக்கத்தில் மோதித் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு கனத்தைச் சொல்லும். அக்கா ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய கருவி ஒன்றைக் கடன் வாங்கிவந்து பெரியவளின் உடம்பு முழுக்க அளந்தாள். எல்லா இடத்திலும் நல்ல கனம். அன்று கூடத்தின் நடுவில் நின்று அவள் போட்ட விசிலில் டிக்கெட் கொடுக்கும் பெண் பயந்து ஓடிவந்தாள். அருங்காட்சியக இயக்குநர் அன்றே சோதனைக்கு நாள் குறித்தார். பாய்லர் நிறையத் தண்ணீர் ஏற்றி, ஓடும்போது வரும் அழுத்தத்தைவிட அதிகமாக அழுத்திப் பார்ப்பார்கள். தாங்கினால், அடுத்தது நெருப்பு. 'மீண்டும் மூச்சு விடுகிறாள்' என்று அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது.

மச்சத்தை முடித்துவிட்டு அன்று மாலை வகுப்புக்குப் போனேன். செய்முறைப் பாடம். மேசைக்கு ஒரு இரும்புத் துண்டும் அதே மாதிரி ஒரு கருவியும் வைத்திருந்தார்கள். துண்டின் ஒரு பாதியில் பெயின்ட், மறுபாதி வெறும் இரும்பு. பெயின்ட் பக்கம் வைத்தபோது கனம் கூடுதலாகக் காட்டியது. பெயின்ட்டின் கனம் சேர்கிறது, இயல்புதானே என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெயின்ட்டைத் தனியாக அளந்து கழித்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை. அதன் கனத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கூடியிருந்தது. வழக்கம்போல நான்தான் தப்பாகக் கழித்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரரும் அதே விடையை எழுதி வைத்திருந்தார். பெயின்ட்டுக்குள் ஒலி மெதுவாகப் போகும். பழைய கருவிக்கு அது தெரியாது. வழியில் ஆன தாமதத்தை எல்லாம் இரும்பு என்றே கணக்கில் வைத்துக்கொள்ளும்.

பதினொரு பூச்சு என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. அக்காவுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும் என்று இன்னொரு குரல் அதை அடக்கியது. வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் இரண்டாவது குரலின் பக்கமே உட்கார்ந்து வந்தேன். இறங்கும் இடம் வந்தபோதுதான், என் கையெழுத்தில் அந்தப் பலகை கண் முன்னால் வந்து ஆடியது.

மறுநாள் அக்கா வருவதற்கு முன்பே போய், அவளுடைய கருவியை எடுத்துக்கொண்டு பெரியவளின் அடியில் நுழைந்தேன். முதலில் மச்சத்துக்குப் பக்கத்தில், பெயின்ட்டின் மேல் வைத்தேன். அக்கா எடுத்த அதே அளவு. பிறகு மச்சத்தின் நடுவிலிருக்கும் வெற்று இரும்பில் வைத்தேன். எண் இறங்கியது. துடைத்து, புதிதாக ஜெல் தடவி, மறுபடி வைத்தேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். எத்தனை முறை வைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒவ்வொரு முறையும் அதே எண்தான், இதற்குக் கீழே போனால் நெருப்பு வைக்கக் கூடாது என்று அக்காவே ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்ன எல்லைக்குக் கீழே.

அக்கா தண்ணீர் ஏற்றும் பம்ப்பின் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு போல்ட். பாடுகிறாளா, திட்டுகிறாளா என்று தெரியாத ஒரு முனகல். எங்கே தொடங்குவது என்று யோசித்து, கடைசியில் முடிவிலிருந்தே தொடங்கினேன்.

"அக்கா, நாளைக்கு அழுத்தம் ஏத்தாத."

போல்ட்டைத் துப்பினாள். "ஏன்? நாள் நல்லா இல்லையா?"

சொன்னேன். வகுப்பில் பார்த்தது, காலையில் அளந்தது, எல்லாவற்றையும் வரிசையாக. பாதியிலேயே அவள் கருவியைப் பிடுங்கிக்கொண்டு அடியில் நுழைந்தாள். அவளுடைய பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. முதலில் அவை அசைந்துகொண்டிருந்தன. பிறகு அசையவில்லை.

"ஏழு வருஷம்டி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தொழிற்சாலையில ஏழு வருஷம் அளந்திருக்கேன். எல்லாம் புது இரும்பு. பெயின்ட் பக்கம் போறதுக்கு முன்னாடியே அளந்து அனுப்பிடுவோம். பெயின்ட் மேல வெச்சா என்ன ஆகும்னு யோசிக்கிற வேலையே வந்ததில்ல."

"இங்கேயும் வெறும் இரும்புலதான் அளந்திருக்கணும்."

"ஆமா. சுரண்டத்தான் போனேன்." வெளியே வந்து உட்கார்ந்தாள். "பலகை தொங்குச்சு."

என் கண் பலகைக்குப் போனது.

"சத்தியம் பண்ணியிருக்கோமேன்னு பெயின்ட் மேலேயே வெச்சேன். நீ சந்தோஷப்படுவேன்னு வேற நெனச்சேன். எனக்கு நல்லா வேணும்." அழுவாள் என்று நினைத்தேன். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு இடம்தானே அளந்திருக்க. மத்த இடமெல்லாம் நல்லாவும் இருக்கலாம். தண்ணிதான்டி, நீராவி இல்ல. தாங்கலேன்னா வெடிக்காது, ஒழுகும். ஒழுகட்டும், தெரிஞ்சுட்டுப் போகுது."

"ஒழுகுமா, கிழியுமா?"

பாய்லர் வேலை தெரிந்தவளிடம் நான் கேட்கக் கூடாத கேள்வி அது. கிழிந்தால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்கலாம். ஓடவும் ஓடும். ஆனால் அதற்குப் பிறகு அங்கே நிற்பது பெரியவளின் தலையும் சக்கரங்களும் பொருத்திய வேறு யாரோ. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா ஸ்பேனரை எடுத்து, தான் மாட்டிய குழாயைத் தானே கழற்றத் தொடங்கிவிட்டாள்.

இயக்குநரின் அறையில் அழைப்பிதழ்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. அக்கா உட்காரவில்லை.

"சார், நாளைக்குச் சோதனை கிடையாது."

"ஏம்மா, விளையாடறீங்களா? பத்திரிகைக்காரங்ககூட வர்றதா சொல்லியிருக்காங்க."

"நான் அளந்தது தப்பு. மறுபடி அளக்கணும்."

"எப்படித் தப்பாச்சு?"

பலகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அக்காவின் பூட்ஸ் என் கால் மேல் ஏறி நின்றது. "பெயின்ட் மேல வெச்சு அளந்துட்டேன் சார். இவதான் கண்டுபிடிச்சா" என்றாள். என் கால் விரல்களுக்கு உயிர் போய் வந்தது.

இயக்குநர் ஒரு அழைப்பிதழை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீண்டும் மூச்சு விடுகிறாள்னு அடிச்சாச்சே."

"இப்போதைக்கு வயித்துவலின்னு சொல்லுங்க. வர்றவங்க வரட்டும், ஸ்கேன் எடுக்கறதைப் பாக்கட்டும். எதையும் மூடி வெச்சு அளக்க மாட்டேன் சார். அளந்து முடிச்சதும், ஓடும்னா ஓடும்னு நானே வந்து சொல்றேன். ஓடாதுன்னாலும் நானே வந்து சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். எதற்கும் 'இருக்கலாம்', 'தோன்றுகிறது' என்று சேர்த்துச் சொல்கிற என் வாயிலிருந்து, "சரியா இருக்கு சார், நான் பார்த்துட்டேன்" என்று ஒரு வாக்கியம் முழுசாக வந்தது. எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

கூடத்துக்குத் திரும்பியதும் அக்கா பாய்லரிலிருந்து பலகையை அவிழ்த்தாள். உடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எழுத்து கீழே போகும்படி தரையில் போட்டு, அதன் மேல் ஒரு பழைய துணியை மடித்து வைத்துத் தலையணை ஆக்கிக்கொண்டாள். முகமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அடியில் படுத்து, என் பக்கம் ஒரு சாக்பீஸை உருட்டிவிட்டாள்.

"எங்கெங்க சுரண்டணும்னு நீயே வட்டம் போடு. நீ போட்ட வட்டத்தைத் தாண்டி என் கை போகாது."

பக்கத்தில் படுத்து வட்டம் போட்டுக்கொண்டே போனேன். பூச்சு ஏற்கெனவே உரிந்த இடங்களில் முதலில். கை தயங்காமல் போனது. பிறகு, பல காலம் தண்ணீர் தேங்கி நின்று உள்ளிருந்து அரித்திருக்கக்கூடிய அடிவயிறு. அங்கேதான் பதினொரு பூச்சும் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. மஞ்சள் மிக நன்றாக இருப்பதும் அங்கேதான். சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி சற்று நேரம் கிடந்தேன். அக்கா அவசரப்படுத்தவில்லை. அங்கேயும் போட்டேன். மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகவே.

"இதிலேர்ந்து ஆரம்பிக்கவா?" என்றாள்.

"ம்."

நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஈரத்தாளை விரலில் சுற்றி நடுவில் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு கரைந்து ஒழுகியது. பிறகு நீலம், பிறகு இன்னொரு நீலம். இரண்டு நீலங்களுக்கும் நடுவே முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. பன்னிரண்டு. பச்சைக்குப் பிறகு, யாருக்கும் காரணம் தெரியாத அந்த மஞ்சள் ஒரு சொட்டாகத் திரண்டு அக்காவின் புருவத்தின் மேல் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. செங்கல் நிறமும் விலகியதும் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. ஜெல் தடவி, கருவியின் முனையை அதன் மேல் வைத்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"நீயே பாரு" என்று கண்களை மூடிக்கொண்டாள்.

எண்கள் மேலும் கீழுமாகத் துடித்துக்கொண்டிருந்தன. அக்காவின் கை மட்டும் அசையாமல் பெரியவளின் வயிற்றைப் பிடித்திருந்தது. மஞ்சள் சொட்டு அவள் புருவத்திலிருந்து நெற்றியோரமாக மெதுவாக இறங்கத் தொடங்கியது.