தெரியவில்லை என்பதற்கான குறி

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஹெர் (திரு) ப்ரேமயின் மின்னஞ்சல் வந்தது. பதினோரு ஆண்டுகளாக வருகிற அதே ஒற்றை வரி: விண்மீனின் பெயர், நேரம், ஒளி எண். நடுவில் மூன்று வாரம் எதுவும் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எண்ணை மட்டும்தான் பார்த்தேன். 14.2.

அப்படியானால் மீன் மறுபடி தெரிகிறது. அது இரட்டை விண்மீன். பூமியளவே உள்ள வெண்குறுமீன் ஒன்று பக்கத்து மீனின் வாயுவை இழுத்துக்கொள்ளும். விழுகிற வாயு கொதித்து எக்ஸ் கதிராகும். பக்கத்து மீன் கொடுப்பதை நிறுத்திவிட்டால் எல்லாம் இருண்டுவிடும். நான்கு ஆண்டுகளாக இருண்டே கிடந்தது. மறுபடி கொட்டத் தொடங்கும் முதல் நாளைப் பிடிக்கத்தான் ஜெர்மனியின் போட்ஸ்டாம் வானியல் நிலையத்தில் என்னை வைத்திருந்தார்கள். செப்டம்பரோடு என் வேலை முடிகிறது. எக்ஸ் கதிர் பார்க்கும் செயற்கைக்கோளை அவசரமாக ஒரு மீன் பக்கம் திருப்ப ஆண்டுக்கு ஒரே ஒரு அனுமதி. ஹெர் ப்ரேம, கோர்லிட்ஸ் ஊரில் ரயில்வே சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்; வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவர், பிழை விடாதவர். அன்று மதியமே அனுமதியைப் பயன்படுத்திவிட்டேன்.

ஆறு மணி நேரத்தில் கிடைத்தது பதினோரு ஃபோட்டான். வெற்று வானத்திலேயே அவ்வளவு விழும்.

"பதினொண்ணா? ஃபுட்பால் டீம் ரெடி," என்றான் பக்கத்து மேசை லெனார்ட். "கோல்தான் விழல. அந்தக் கிழவர் என்னத்தப் பாத்தாராம்?"

இந்த நான்கு ஆண்டு வரிகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எண்ணுக்கு முன்னால் < இருந்தது. 'இதைவிட மங்கல், என் தொலைநோக்கியில் தெரியவில்லை' என்று பொருள். இதில் மட்டும் அது இல்லை.

முதல் முறையாக அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"டாக்டரம்மாவா! ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

"ஒம்பதாம் தேதி அனுப்பினீங்களே, அதுல மீன் தெரிஞ்சுதா, ஹெர் ப்ரேம?"

"எங்கங்க! ஒண்ணும் தெரியல. அப்படித்தான எழுதியிருக்கேன்?"

"முன்னாடி ஒரு குறி போடுவீங்களே."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "நான் தோட்டத்துலேருந்து 'இல்ல, பதினாலு ரெண்டு'ன்னு கத்துவேன். உள்ள உக்காந்து எழுதுறது என் பொஞ்சாதி கெர்லிண்ட்தான். மார்ச்சுல தவறிப் போயிட்டா. குறி கிறியெல்லாம் அவ போடுறதுங்க. உங்களுக்குச் சொல்லலாம்னு பாத்தேன். உங்ககிட்டேருந்து எப்பவும் 'நன்றி'ன்னு ஒரே வார்த்தைதான் வரும். அதுக்கு என்னன்னு எழுதுறது?"

அந்த நன்றிகூட நான் எழுதியதில்லை. கணினி தானாக அனுப்புவது.

அதை அவரிடம் சொல்லவில்லை. வீணான அனுமதியையும் சொல்லவில்லை. "விசைப்பலகையில இடப்பக்கம் கீழ பாருங்க. ஷிஃப்டுக்கும் ஒய்க்கும் நடுவுல," என்றேன். ஜெர்மன் விசைப்பலகையில் அந்தக் குறி அங்கேதான் இருக்கும்.

"அட, இங்கயா ஒளிஞ்சிருக்கு!"

மாலையில் அறிக்கை எழுதினேன். எக்ஸ் கதிர் அளவுக்கான கட்டத்தில் நானும் < போட வேண்டியிருந்தது. தவறுக்குப் பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

மறுநாள் எட்டு ஐந்துக்கு வரி வந்தது. விசையிலிருந்து விரலை எடுக்கவே இல்லை போலும். திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை <<<<<<<<<<<<<<<<<<<<, கடைசியில் 14.2. ஜெர்மனி வரைபடத்தில் கோர்லிட்ஸ் வலக்கோடியில் இருக்கிறது. குறிகளின் கூர்முனைகள் எல்லாம் இடப்பக்கம், நான் இருக்கும் பக்கம் பார்த்திருந்தன.